கோட்டை வாசலில் பதினொரு நிமிடம்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் ஒரே ஒரு விதி எழுதியிருந்தது: 'மீதம் வைக்காதே.'

குருவை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அறுபத்தொரு வயதான திருமேனியும் அவரை அக்கா என்றே அழைத்தார். அங்கே அது பழக்கம்.

திருமேனி முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. கல் ஒரு கிராம் குறைந்தால் முத்திரை கிடையாது. ஒரு கிராம் கூடினாலும் கிடையாது. முப்பத்து மூன்று வருடம் அப்படி இருந்தவருக்குச் சுவரில் இருந்த விதி முதல் நாளே பிடித்துப் போயிற்று.

ஆசிரமத்தின் வேலை அட்டவணையை அவர்தான் எழுதினார். ஒரு பெரிய தாளில் ஒன்பது பேருக்கு ஒன்பது வரிசை. அரை மணிக்கு ஒரு கட்டம். அவருடைய வரிசையில் காலை நாலரை முதல் இரவு ஒன்பதரை வரை ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

சமையல்காரர் கோதண்டத்தின் வரிசையில் மட்டும் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்தில் கோதண்டம் மளிகை கட்டி வந்த பழைய செய்தித்தாளைப் பிரித்துச் சுவருக்கு உரக்க வாசிப்பார். பிறகு அதையே முகத்தில் போட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் படுத்துவிடுவார்.

ஒவ்வோர் அமாவாசையன்றும் திருமேனி அட்டவணையை அக்காவிடம் கொண்டுவருவார்.

"அக்கா, இந்த ரெண்டு கட்டம்."

"என்ன?"

"காலியா இருக்கு. பூச்செடிக்குத் தண்ணி ஊத்தற வேலையைப் போடலாமா?"

"பாக்கலாம்," என்பார் அக்கா. அடுத்த அமாவாசை வரை அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

ஆசிரமத்தின் முக்கியமான வேலை பாடம் வாசிப்பது. பக்கத்து ஊரில் பார்வையற்ற மாணவிகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தார்கள். பதிவில் மயில் அகவும், பாத்திரம் விழும், காற்று அடிக்கும். அந்தச் சத்தங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் நீக்கி, பென் டிரைவில் போட்டு, மாலை நாலு மணிக்கு வரும் பால் வண்டியில் கொடுத்தனுப்புவது திருமேனியின் வேலை.

அந்த வருடம் பாடத்திட்டம் மாறிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. இன்னும் இருபத்து மூன்று பாடங்கள் போக வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒரு பாடத்தைச் சுத்தம் செய்ய முழுதாக ஒரு நாள் எடுத்துக்கொண்டது.

இதைக் கேள்விப்பட்ட அன்பர் ஒருவர் தன் மகன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். "இதைப் போட்டா ஒரு பாடம் இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும். டவுன்ல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, எது வேணுமோ வாங்கிக்கோங்க. அது என் பொறுப்பு," என்றார்.

கம்ப்யூட்டர் பெட்டியின் மூலையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுப்பது அதுதான். அதைத்தான் கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். எத்தனை வாட்ஸ் கொடுக்க முடியும் என்று அதன் மேல் எழுதியிருக்கும்.

திருமேனி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பிராசஸருக்கு அறுபத்தைந்து. கார்டுக்கு நூற்று அறுபது. மதர்போர்டுக்கு நாற்பது. மற்றவற்றுக்கு முப்பத்தைந்து. கூட்டினால் சரியாக முந்நூறு வந்தது. இரண்டாம் முறை கூட்டினார். அப்போதும் முந்நூறு. அவருக்கு மனம் நிறைந்தது.

கடைக்காரர் பெரோஸ் அந்தத் தாளைப் பார்த்தார்.

"ஐந்நூத்தம்பது போட்டுக்கோங்க ஐயா."

"முந்நூறுதான் வேணும்."

"கொஞ்சம் கூட இருந்தா என்ன? செலவு அவரோடதுதானே."

"செலவுக்காகச் சொல்லல. மீதி இருநூத்தம்பதை என்ன பண்றது?"

பெரோஸ் சிரித்துவிட்டார். "ஒண்ணும் பண்ண வேணாம் ஐயா. அது பாட்டுக்கு இருக்கும்."

"எங்க இடத்துல எதுவும் அது பாட்டுக்கு இருக்கறது இல்ல," என்றார் திருமேனி.

பெரோஸ் முந்நூறு வாட்ஸ் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். "வாரன்டி கார்டைப் பத்திரமா வச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னார்.

திருமேனி அதை மாட்டினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. திரை வந்தது. கார்டின் விசிறி சுற்றியது. பெட்டியை மூடி நான்கு திருகுகளையும் முடுக்கினார். ஐந்தரைக் கட்டத்துக்கான வேலைக்கு நேரமாகிவிட்டதால், பாடம் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பாடத்தைப் போட்டார். நாலாவது நிமிடம் கம்ப்யூட்டர் அணைந்தது.

சத்தம் இல்லை, புகை இல்லை. விளக்கை நிறுத்தியதுபோல் நின்றது. மறுபடி போட்டால் வந்தது. பாடத்தை ஓட்டினால் அணைந்தது. வேலை கொடுக்காமல் விட்டால் நாள் முழுவதும் நன்றாகவே இருந்தது.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. விசிறியைத் துடைத்துப் பார்த்தார். கார்டைக் கழற்றி மாட்டினார். எப்போதாவது ஒரு சிறிய பாடம் அணையாமல் முடியும். அப்படி ஐந்து பாடங்கள் போயின. பாக்கி பதினெட்டு. தேர்வுக்கு ஆறு நாள்.

இதற்கிடையே வாசிக்கவும் ஆள் குறைந்தது. இடைவிடாமல் வாசித்ததில் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் இன்னொன்று வரச் சிரமப்பட்டது. அவருடைய பாடங்களையும் திருமேனியே எடுத்துக்கொண்டார். அட்டவணையில் இடம் இல்லை. அதனால் ஒன்பதரைக்கு மேல் வாசித்தார்.

நாலாவது நாள் காலை பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. ரூபாவதி என்ற மாணவி. பாடம் வந்து சேர்ந்ததா என்று சொல்வது அவள் பொறுப்பு.

"ஐயா, நேத்து வந்த ஏழாவது பாடம்…"

"பிரெஞ்சுப் புரட்சி. கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது ஐயா. ஆனா பாதியில நின்னுடுச்சு."

"மறுபடியும் அணைஞ்சிருக்கும்மா. கம்ப்யூட்டர் அப்படித்தான் பண்ணுது."

"கம்ப்யூட்டர் இல்ல ஐயா." அவள் கொஞ்சம் தயங்கினாள். பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. "'மக்கள் கூட்டம் கோட்டை வாசலை நெருங்கியபோது'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் குறட்டை."

திருமேனி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பதினோரு நிமிஷம் ஐயா. பாவம், எல்லாரும் கோட்டை வாசல்லயே நிக்கறாங்க."

மயிலையும் காற்றையும் பாத்திரத்தையும் நீக்கிய கம்ப்யூட்டர், குறட்டையை மனிதக் குரல் என்று நினைத்து விட்டுவைத்திருந்தது. அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

"மறுபடி வாசிச்சு அனுப்பறேம்மா," என்றார்.

"அவசரம் இல்ல ஐயா," என்றாள் ரூபாவதி. பிறகு குரல் தணிந்தது. "அவசரம்தான். வெள்ளிக்கிழமை வரலாறு."

திருமேனி கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனார். அக்கா ஒரு டம்ளர் வெந்நீரை இரண்டு கைகளிலும் பிடித்தபடி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, தப்பு எங்கேன்னு தெரியல."

அக்கா கையால் 'சொல்லுங்கள்' என்று காட்டினார்.

"எல்லாத்தையும் கூட்டியிருக்கேன். எதையும் விடல. எதையும் கூடப் போடல. முந்நூறு வேணும், முந்நூறு இருக்கு. சும்மா இருக்கும்போது ஓடுது. வேலை கொடுத்தா விழுந்துடுது. கணக்கு சரியா இருக்கும்போது இது எப்படித் தப்பாகும்?"

அக்கா தாளைப் பார்க்கவில்லை. கிணற்று மோட்டார் அறையைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி எனக்குத் தெரியாது," என்றார். குரல் காற்றாக வந்தது. "இந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் எடுக்கும்?"

"அஞ்சு ஆம்பியர் அக்கா."

"பியூஸ்ல என்ன ஒயர்?"

திருமேனி போய் பியூஸ் கட்டையை இழுத்துப் பார்த்தார். "பதினஞ்சு. நான் வர்றதுக்கு முன்னாடியே போட்டது."

"பத்து மீதம்."

"ஆமா அக்கா." இத்தனை நாள் தன் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அஞ்சு போடுங்க."

திருமேனி மெயினை அணைத்தார். பதினைந்து ஆம்பியர் ஒயரை எடுத்துவிட்டு, ஐந்து ஆம்பியர் ஒயரைச் சீராகக் கட்டினார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. மெயினைப் போட்டு மோட்டாரை முடுக்கினார்.

'டப்' என்றது. பியூஸ் போய்விட்டது.

"ஒயர்ல கீறல் இருந்திருக்கும்," என்றார். புது ஒயர் கட்டினார்.

'டப்.'

மூன்றாவது முறை கட்டிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டிலிருந்து கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"ஆபீசர் சார், தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. அரிசியைக் களையறதா, இல்ல நீங்க அளந்து முத்திரை குத்தற வரைக்கும் அப்படியே வச்சிருக்கறதா?"

'டப்.'

திருமேனி விரலைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பழைய ஒயரையே மறுபடி கட்டினார். மோட்டாரைப் போட்டார். மேலே தொங்கிய பல்பு ஒரு கணம் மங்கி, பழையபடி பிரகாசித்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மோட்டாரை நிறுத்தினார். பல்பைப் பார்த்துக்கொண்டே மறுபடி போட்டார். மங்கியது. பிரகாசித்தது.

அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஓடும்போது அஞ்சுதான் அக்கா. கிளம்பும்போது அள்ளிக் குடிக்குது."

"எவ்வளவு நேரம்?"

"கண் இமைக்கிற நேரம்."

"அந்தக் கண் இமைக்கிற நேரத்துக்காக, மிச்ச நேரமெல்லாம் பத்து ஆம்பியர் சும்மா கிடக்குது," என்றார் அக்கா. "எடுத்துடலாமா?"

திருமேனி கையில் இருந்த கணக்குத் தாளைப் பார்த்தார். நூற்று அறுபது என்று எழுதிய இடத்தில் அவர் விரல் நின்றது. அந்தக் கார்டும் ஒவ்வொரு முறை வேலையில் இறங்கும்போது இப்படித்தான் அள்ளிக் குடித்திருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலையில டவுனுக்குப் போயிட்டு வரேன்," என்றார். "ஏழாவது பாடத்தையும் இன்னொரு தடவை வாசிக்கணும்."

"எப்ப?"

"ராத்திரி, பத்து மணிக்கு மேல…"

"மறுபடியும் கோட்டை வாசலுக்கா?"

திருமேனி திடுக்கிட்டார். "உங்களுக்கு யார் சொன்னது?"

"அந்தப் பொண்ணு எனக்குத்தான் முதல்ல போன் பண்ணிச்சு. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு பயந்துபோய்."

தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. திருமேனிக்கு அங்கேயே சாய்ந்துவிட வேண்டும் போல் இருந்தது. சாய்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றும் தோன்றியது.

"வேற யார் வாசிப்பாங்க அக்கா? அட்டவணையில யாருக்கும் இடம் இல்ல."

அக்கா எழுந்து கூடத்துக்குப் போனார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை வைத்தார். கோதண்டத்தின் வரிசை. இரண்டு காலிக் கட்டங்கள்.

மறுநாள் திருமேனி பஸ்ஸில் போய் வந்தார். பெரோஸ் எதுவும் கேட்கவில்லை. முந்நூறு வாட்ஸ் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஐந்நூற்று ஐம்பதை எடுத்து வைத்தார். தயாராக எடுத்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

"தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் கொடுத்தீங்க தம்பி?"

"நான் கொடுத்தா வாங்கியிருப்பீங்களா ஐயா?"

மதியம் மூன்று மணிக்கு அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது மேசைமேல் ஒரு பென் டிரைவ் இருந்தது. பெட்டியை மாட்டினார். இந்த முறை திருகுகளை முடுக்கவில்லை. பென் டிரைவில் இருந்த ஏழாவது பாடத்தைப் போட்டு, கம்ப்யூட்டரின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நாலாவது நிமிடம் வந்தது. போயிற்று. பத்தாவது வந்தது. கார்டின் விசிறி உரக்கச் சுற்றியது. இருபதாவது நிமிடம் திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

இந்த முறை அனுப்பும் முன் கொஞ்சம் கேட்டார். கோதண்டத்தின் குரல். சுவருக்குச் செய்தித்தாள் வாசிக்கும் அதே குரல். ஊரில் ரொட்டி கிடைக்காத இடம் வந்தபோது, புத்தகத்தில் இல்லாத 'அடப்பாவமே' ஒன்று அதில் இருந்தது. திருமேனி அதை நீக்கலாமா என்று யோசித்தார். விட்டுவிட்டார்.

பால் வண்டி நாலு மணிக்கு வந்தது.

மறுநாள் காலை ரூபாவதி கூப்பிட்டாள்.

"ஐயா, கோட்டைக்குள்ள போயிட்டோம்!"

"நல்லதும்மா."

"இதை யார் வாசிச்சது? மறக்கவே மறக்காது. அந்த 'அடப்பாவமே' வந்ததும் எல்லாரும் கை தட்டினோம்."

"எங்க சமையல்காரர்மா."

"மிச்சப் பாடத்தையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்க ஐயா." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நீங்களும் நல்லாத்தான் வாசிக்கறீங்க."

"பழைய ஏழாவது பாடத்தை அழிச்சிடும்மா."

"அதை மட்டும் கேக்காதீங்க ஐயா. பரீட்சை பயத்துல தூக்கம் வராதவங்களுக்கு அதைத்தான் போட்டு விடறோம். கோட்டை வாசல் வர்றதுக்குள்ள எல்லாரும் தூங்கிடறாங்க."

மீதிப் பாடங்கள் மூன்று நாளில் போய்ச் சேர்ந்தன. கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. வெள்ளிக்கிழமை வரலாற்றுத் தேர்வு முடிந்தது. திருமேனி அன்று மாலை ஆறு மணிக்குப் படுத்து, மறுநாள் எட்டு மணிக்கு எழுந்தார். யாரும் எழுப்பவில்லை. அவருக்குப் பதிலாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருந்தார்கள். கூடம் பெருக்கியிருந்தது. யார் செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. திருமேனி புதிய அட்டவணையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனார். அக்காவின் குரல் பாதி திரும்பியிருந்தது.

அக்கா தாளை மடியில் விரித்துப் பார்த்தார். கோதண்டத்தின் வரிசையில் இரண்டு கட்டங்கள் காலி. அதற்கு மேலே திருமேனியின் வரிசையில், அதே இரண்டு மணிக்கு நேரே, இன்னும் இரண்டு கட்டங்கள் காலி. பென்சிலால் பலமுறை எழுதி அழித்த தடம் அங்கே இருந்தது.

"என்னென்னவோ எழுதிப் பார்த்தேன் அக்கா," என்றார் திருமேனி. "தியானம்னு எழுதினேன். ஓய்வுன்னு எழுதினேன். எதுவும் சரியா வரல. அவசர வேலைன்னும் எழுதிப் பார்த்தேன். இதுல என்னன்னு எழுதட்டும்?"

அக்கா தாளை மடித்து அவரிடம் கொடுத்தார்.

"எதுக்குன்னு தெரியற அன்னிக்கு எழுதிக்கலாம்."

திருமேனி வெளியே வந்தார். மணி இரண்டு. சமையல்கட்டு வாசலில் கோதண்டம் முகத்தில் செய்தித்தாளுடன் படுத்திருந்தார். திருமேனி என்ன செய்வதென்று தெரியாமல் தாளும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றார்.

கோதண்டம் செய்தித்தாளை விலக்காமலே பாயில் ஓரமாக நகர்ந்து படுத்தார்.